காடு காத்த கௌரா தேவியார்

ஒரு நாட்டுக்கு அரணாவன யாவை என்று வினவினால், மதிலையும் படையையும் மட்டுமே கூறுவோர் பலர். நம் முன்னோரோ நீரையும் மலையையும் காட்டையும் அரண்களோடு சேர்த்து எண்ணினர். மதிலைக் காக்க வீரர் உளர். எல்லையைக் காக்கப் படை உண்டு. காட்டைக் காப்பவர் யாவர்? அதனால் நாள்தோறும் பயன்கொள்பவரே அதனைக் காக்கவும் வல்லவர் என்பதை உலகுக்கு உணர்த்தினார் ஒரு மலைநாட்டுப் பெண்மணி. அவர் ஏட்டுக் கல்வி பெற்றவர் அல்லர். செல்வக் குடியில் வாழ்ந்தவரும் அல்லர். இமயமலைச் சாரலில் உழுதும் நெய்தும் சுமந்தும் வாழ்ந்த எளிய கைம்பெண் அவர். அவர்தாம் கௌரா தேவியார். அவர் வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறந்த நாடு

வட இந்தியாவில் இமயமலையை ஒட்டி அமைந்த நாடு உத்தரகாண்டம். இது 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் தனி மாநிலமாயிற்று. அதற்குமுன் உத்தரப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக இருந்தது. இம்மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், 7,816 மீட்டர் உயர்ந்து நிற்கிறது நந்தாதேவி என்னும் கொடுமுடி. அம்மலையின் பனி உருகி ரிஷிகங்கை என்னும் ஆறாகப் பாய்கிறது. அவ்வாறு தவுலிகங்கையோடு கலக்கும் இடத்தை அடுத்து இருப்பது ரேணி என்னும் சிற்றூர். தவுலிகங்கை அலகநந்தையிற் சேர, அலகநந்தை பாகீரதியோடு கூடிக் கங்கையாகிறது. எனவே, ரேணியின் மலைச்சாரலில் பெய்யும் மழைக்கும், நெடுந்தொலைவில் உள்ள சமவெளி வயல்களுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

ரேணிக்கு அருகில் லாதா என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் 1925ஆம் ஆண்டில் கௌரா தேவியார் பிறந்தார். அவர் பிறந்த குடியினர் போட்டியர் எனப்படும் மலைவாழ் மக்கள் ஆவர். அம்மக்கள் ஆடு வளர்த்தலையும், கம்பளி நெய்தலையும், மலைச்சரிவுகளில் சிறுசிறு வயல்களை உழுதலையும் தொழில்களாகக் கொண்டிருந்தனர். மலைக் கணவாய்களைக் கடந்து திபெத்து நாட்டுக்குச் சென்று, தானியத்தைக் கொடுத்து உப்பையும் கம்பளியையும் பெற்றுவருதல் அவர்களது பழைய வாணிகமாகும்.

இளமையும் இல்வாழ்வும்

அக்காலத்தில் அம்மலையூர்ப் பெண்மக்கள் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றிலர். கௌராவும் எழுத்தறியாமலே வளர்ந்தார். ஆயினும், ஆட்டு மயிரை நூலாக்கவும், நெய்யவும், நிலத்தைக் கொத்தவும், காட்டில் எந்தத் தழை எந்த விலங்குக்கு உணவாகும், எந்த வேர் எந்த நோய்க்கு மருந்தாகும் என்று அறியவும் தாயிடமும் பிற பெண்டிரிடமும் கற்றுக்கொண்டார். அதுவும் ஒரு கல்வியே அன்றோ?

அந்நாளைய வழக்கப்படி மிக இளவயதிலேயே அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. கணவர் ரேணியைச் சேர்ந்தவர். ஆனால், அவ்வில்வாழ்வு நெடுங்காலம் நீடிக்கவில்லை. கௌராவுக்கு 22 வயதானபோது கணவர் இறந்தார். கையில் இரண்டரை வயது ஆண்மகவு. இல்லத்திலோ முதுமையுற்ற மாமனார் மாமியார். துணையற்ற அந்த இளம்பெண் மனந்தளர்ந்து அமர்ந்துவிடவில்லை. சிறு நிலத்தை உழுவித்தும், கூலிவேலை செய்தும், கம்பளி நெய்தும் குடும்பத்தைத் தாங்கினார். மகனை வளர்த்து ஆளாக்கிக் குடும்பத் தொழிலில் ஈடுபடுத்தினார். தம் துயரைத் தாமே தாங்கக் கற்றவரிடம் பிறர் துயரைத் தாங்கும் ஆற்றலும் அமைதல் இயல்பு. ஊரில் எவர்க்கு இடர் நேர்ந்தாலும் அங்கே முதலில் சென்று நிற்பவர் கௌராவே என்னும் நிலை உண்டாயிற்று.

1962ஆம் ஆண்டில் சீனர் நம் எல்லைமீது படையெடுத்தனர். அதன் விளைவாகத் திபெத்து வாணிகம் அடியோடு நின்றது. கணவாய்கள் அடைபட்டன, பல தலைமுறையாக நடந்த தொழில் ஒரே ஆண்டில் மறைந்தது. படைத்துறையின் தேவைக்காக ஊரார் நிலங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. அவற்றுக்குரிய நட்டஈடு பல்லாண்டுகள் கடந்தும் வந்து சேரவில்லை. ஆடவர் பலர் பிழைப்பை நாடிப் படைக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றனர். ஊரிலே எஞ்சியவர் பெரும்பாலும் பெண்டிரும் முதியோரும் சிறுவருமே. வாணிகத்தை இழந்த அம்மக்களுக்கு அதன்பின் நிலைத்த துணையாக நின்றவை சிறு வயல்களும் காடும் மட்டுமே.

மலைப்பெண்டிரும் காடும்

மலையூர்ப் பெண்ணின் ஒரு நாள் வாழ்வை நாம் அறிந்தால், காடு அவளுக்கு யாது என்பது விளங்கும். பொழுது புலருமுன் எழுந்து அவள் சுனைக்குச் சென்று நீர் கொணர்வாள். பின்னர்க் கயிறும் கருக்கரிவாளும் எடுத்துக்கொண்டு காட்டுக்குச் செல்வாள். உலர்ந்த சுள்ளிகளை விறகாகக் கட்டுவாள். மாட்டுக்குத் தழை அறுப்பாள். உதிர்ந்த இலைகளை வாரிவந்து தொழுவத்தில் பரப்புவாள். அவை சாணத்தோடு கலந்து மட்கி வயலுக்கு எருவாகும். அவ்வெருவின்றி மலைச்சரிவின் மெல்லிய மண்ணில் விளைவு இல்லை. ஆகவே, காட்டின் இலையே வயலின் கதிராகவும், பசுவின் பாலாகவும், அடுப்பின் நெருப்பாகவும் உருமாறி வருகிறது எனலாம்.

காடு அருகில் இருப்பின் இவ்வேலைகள் சில நாழிகையில் முடியும். காடு அழிந்து தொலைவிற் சென்றால், பெண்டிர் பாதி நாளை நடையிலேயே கழிக்க நேரும். சுனை வற்றினாலும் துன்பம் அவர்களுக்கே. ஆதலின், எந்த மரத்தில் எவ்வளவு தழையைக் கழித்தால் அது மீண்டும் துளிர்க்கும், எந்தச் சரிவில் எந்தப் பருவத்தில் புல்லறுக்கலாம், எங்கே அறுக்கலாகாது என்பனவற்றையெல்லாம் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். பாஞ்சு என்னும் ஓக்கு மரத்தின் நிழலில் சுனை வற்றாது என்பதும் அவர்கள் பட்டறிவில் கண்ட உண்மை. மலைமக்கள் ஊர்தோறும் தமக்குள் வரையறை வகுத்துக்கொண்டு, காட்டை அழியாமற் பயன்கொண்டு வந்தனர்.

காடு கைமாறிய வரலாறு

இங்ஙனம் ஊரார் பேணிய காடுகள் ஆங்கிலேயர் ஆட்சியில் அரசின் உடைமையாயின. 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட காட்டுச் சட்டம் பெரும்பகுதிக் காடுகளைக் காப்புக் காடுகள் என வகுத்து, மக்களின் பழைய உரிமைகளைச் சுருக்கியது. புகைவண்டிப் பாதைக்கு வேண்டிய கட்டைகளுக்காகத் தேவதாரு முதலிய மரங்கள் ஆயிரக்கணக்கில் வீழ்த்தப்பட்டன. எதிர்ப்புகள் எழுந்தமையால், 1931ஆம் ஆண்டு முதற்கொண்டு குமாவுன் மலைப்பகுதியில் ஊர்க் காடுகளை மேற்பார்க்க வனப் பஞ்சாயத்துகள் அமைக்க விதிகள் வகுக்கப்பட்டன. எனினும், பெருங்காடுகள் அரசின் கையிலேயே இருந்தன.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் காட்டை ஏலம் விடும் முறை மாறவில்லை. 1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் எல்லைவரை சாலைகள் அமைக்கப்பட்டன. படை செல்வதற்கு அமைத்த சாலைவழியே மரவணிகரின் வண்டிகளும் மலையேறின. வெளியூர் ஒப்பந்தக்காரர் வெளியூர்த் தொழிலாளரைக் கொண்டு மரங்களை வெட்டிச் சென்றனர். ஊராருக்குக் கிடைத்தவை வெட்டிய அடிமரங்களும் சரிந்த மண்ணுமே.

பெருவெள்ளம்

வேர்கள் மண்ணைப் பற்றி நிற்பதாலேயே மலைச்சரிவு நிலைபெறுகிறது. உதிர்ந்த இலைப்படுகை மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, சிறிது சிறிதாகச் சுனைகளுக்கு விடுகிறது. மரம் போயின், மழைநீர் தடையின்றிப் பாய்ந்து மண்ணையும் கல்லையும் வாரிச்செல்லும். 1970ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அலகநந்தையில் பெருவெள்ளம் பெருகியது. பாலங்கள் தகர்ந்தன, சாலைகள் அழிந்தன, பேலாகூச்சி என்னும் ஊர் அடித்துச் செல்லப்பட்டது, உயிர்கள் பல மாண்டன. வெள்ளம் சுமந்து வந்த வண்டல், தொலைவில் அரித்துவாரத்தில் தொடங்கும் கங்கைக் கால்வாயையும் தூர்த்தது.

வெள்ளம் வடிந்தபின் மலைமக்கள் சிந்திக்கத் தலைப்பட்டனர். எந்த மலைகளில் மரங்கள் மிகுதியாக வெட்டப்பட்டனவோ, அங்கெல்லாம் சரிவும் மிகுதியாக இருந்ததைக் கண்டனர். மரம் வெட்டுவோர் மரத்தை மட்டும் கொண்டு செல்லவில்லை, ஊரின் உயிரையும் கொண்டு செல்கின்றனர் என்னும் உண்மை அவர்கள் உள்ளத்தில் பதிந்தது. ரேணிப் பெண்டிர் இதனை நன்குணர்ந்தனர். அவ்வூரில் மகிளா மங்கள தளம் என்னும் மாதர் சங்கம் அமைந்திருந்தது. ஊர்த் தூய்மையும் காட்டுக் காவலும் அதன் பணிகளாகும். 1972ஆம் ஆண்டில் அச்சங்கத்தின் தலைவியாகக் கௌரா தேவியார் தேர்ந்தெடுக்கப்பெற்றார்.

தழுவிக் காக்கும் இயக்கம்

அக்காலத்தில் கோபேசுவரம் என்னும் ஊரில் சண்டி பிரசாத் பட் என்னும் காந்தியத் தொண்டர், தசோலி கிராம சுயராச்சியச் சங்கம் என்னும் அமைப்பை நடத்தி வந்தார். ஊரில் விளையும் பொருள்களைக் கொண்டு ஊராருக்கே தொழில் அமைத்துக் கொடுத்தல் அதன் நோக்கம். உழுபடைக் கருவிகளும் நுகத்தடியும் செய்யச் சில மரங்கள் வேண்டுமென்று அச்சங்கத்தார் காட்டிலாகாவிடம் கேட்டனர், மறுக்கப்பட்டது. ஆனால், அதே வகை மரங்கள் விளையாட்டுக் கருவிகள் செய்யும் வெளியூர் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டன. உழவனின் நுகத்துக்கு இல்லாத மரம் பந்தாடும் மட்டைக்கு உண்டு என்னும் இம்முறைகேடு மக்களைக் கொதிப்புறச் செய்தது.

1973ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் மண்டல் என்னும் ஊரின் காட்டில் மரம் வெட்ட வந்தோரை ஊரார் திரண்டு தடுத்தனர். வெட்ட வந்தால் மரங்களைத் தழுவி நிற்பதென்று முடிவு செய்தனர். வெட்ட வந்தோர் வெறுங்கையோடு திரும்பினர். தழுவுதல் என்னும் பொருள்பட இவ்வறப்போருக்குச் சிப்கோ இயக்கம் என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஒருவரையும் தாக்காமல், தம் உடலையே மரத்துக்குக் கவசமாக்குதல் இதன் நெறியாகும்.

ரேணிக்கு வந்த இடர்

1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ரேணிக் காட்டின் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலத்தில் விலைபோயின. செய்தியறிந்த சண்டி பிரசாத் பட்டும், அப்பகுதியில் மக்கள் தொண்டாற்றிய கோவிந்த சிங் ராவத்தும் ஊர்தோறும் சென்று மக்களைத் தட்டி எழுப்பினர். வெட்டுவோர் வந்தால் மரங்களைத் தழுவிக் காப்பதென ஊரார் உறுதிகொண்டனர். அவ்வுறுதியை நிறைவேற்றுவோர் ஆடவரே என்று அனைவரும் எண்ணியிருந்தனர். நிகழ்ந்ததோ வேறு.

1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் எடுக்கப்பட்ட நிலங்களுக்கு நட்டஈடு வழங்கப்படும் என்றும், அதனைப் பெற மார்ச்சு 26ஆம் நாள் சமோலிக்கு வரவேண்டும் என்றும் ஊர் ஆடவருக்கு அழைப்பு வந்தது. பல்லாண்டு காத்திருந்த பணமாதலின் ரேணி, லாதா முதலிய ஊர்களின் ஆடவர் அனைவரும் சமோலிக்குச் சென்றனர். அதே வேளையில் காட்டிலாகா அலுவலர் வருகையால் சண்டி பிரசாத் பட்டும் கோபேசுவரத்திலேயே தங்க நேர்ந்தது. காவல் நீங்கிய அந்நாளிலே ஒப்பந்தக்காரரின் தொழிலாளர் ரேணியை நோக்கிப் புறப்பட்டனர். ஊருக்குள் வாராமல், வழியிலேயே வண்டியினின்று இறங்கி, ஆற்றோரமாகக் காட்டை நோக்கி நடந்தனர்.

மார்ச்சு 26

அவர்கள் கோடரிகளும் உணவுப் பொருள்களும் சுமந்து செல்வதை ஒரு சிறுமி கண்டாள். அவள் ஓடிச் சென்று கௌரா தேவியாரிடம் உரைத்தாள். அப்போது பெண்டிர் தத்தம் வீடுகளில் அடுப்பு வேலையில் இருந்தனர். ஊரில் ஆடவர் இலர். ஆலோசனை கேட்பதற்கு ஆளும் இலர். சமோலிக்குச் செய்தி அனுப்பினும் அவர்கள் வந்து சேருமுன் காடு வெட்டப்பட்டுவிடும். கௌரா தேவியார் தயங்கவில்லை. வீடுவீடாகச் சென்று பெண்களை அழைத்தார். அடுப்பை அணைத்துவிட்டும், கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டும் அவர்கள் வெளியே வந்தனர். சிறுமியரும் உடன் சேர, 27 பேர் கொண்ட கூட்டம் காட்டுவழியில் விரைந்து ஏறியது.

காட்டில் தொழிலாளர் உணவு சமைத்துக்கொண்டிருந்தனர். கௌரா தேவியார் அவர்களைப் பகைவராகக் கருதவில்லை. வயிற்றுப் பிழைப்புக்காக வந்த ஏழையர் என்றே கருதி, உடன்பிறந்தாரை விளிப்பதுபோல் அன்போடு விளித்தார். அக்காடு தம் பெண்களுக்குத் தாய்வீடு போன்றது எனவும், விறகும் தழையும் கீரையும் மருந்தும் அதிலிருந்தே தமக்குக் கிடைக்கின்றன எனவும் எடுத்துரைத்தார். மரங்கள் வீழ்ந்தால் மலை சரிந்து, வெள்ளம் பெருகித் தம் வயல்களும் வீடுகளும் அழியும் எனவும் விளக்கினார். உணவு உண்டபின் அவர்கள் தம்மோடு கீழே வரவேண்டும் எனவும், ஆடவர் திரும்பியபின் அனைவரும் கூடிப் பேசி முடிவு காணலாம் எனவும் வேண்டினார்.

தாய்வீடு என்னும் அச்சொல்லின் ஆழத்தை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மணமாகிப் புக்ககம் சென்ற பெண்ணுக்குத் துயர் நேர்ந்தால் அவள் மனம் நாடுவது தாய்வீட்டையே. வெறுங்கையோடு சென்றவளைத் தாய்வீடு வெறுங்கையோடு அனுப்பாது. கைம்மையும் வறுமையும் ஒருங்கே உற்ற கௌராவுக்கு அவ்வாறு கைகொடுத்தது காடு. அவர் கூறியது அணிக்காகக் கூறிய உவமை அன்று. வாழ்ந்து கண்ட உண்மை.

தொழிலாளருட் சிலர் மனமிரங்கித் திரும்ப முற்பட்டனர். ஆனால், ஒப்பந்தக்காரரின் ஆட்களிற் சிலர் மது அருந்தியிருந்தனர். அவர்கள் பெண்களை இழித்துப் பேசினர். அரசின் வேலைக்கு இடையூறு செய்வதாகக் கூறிச் சிறையில் அடைப்பதாக அச்சுறுத்தினர். ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். கௌரா தேவியார் பின்வாங்கவில்லை. துப்பாக்கியின் முன் நெஞ்சை நிமிர்த்தி நின்று, முதலில் தம்மைச் சுட்டுவிட்டு அதன்பின் தம் தாய்வீட்டை வெட்டிச் செல்லுமாறு அறைகூவினார். அவருக்குப் பின்னே மற்றைப் பெண்டிரும் அசையாது நின்றனர். கையில் படைக்கலம் இல்லை. வாயில் வசைச்சொல் இல்லை. அவர்களது உறுதியைக் கண்டு துப்பாக்கி தாழ்ந்தது. தொழிலாளர் தம் கருவிகளை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மலையினின்று இறங்கலாயினர்.

அவ்வழியில் மண்சரிவால் அறுந்த ஓரிடத்தைக் கடக்கச் சிமெண்டுப் பலகை ஒன்று பாலமாக இடப்பட்டிருந்தது. மீண்டும் எவரும் காட்டுக்குள் ஏறாவண்ணம் பெண்டிர் அப்பலகையைப் பெயர்த்துத் தள்ளினர். பின்னர் அவ்விரவு முழுவதும் உறங்காது காவல் இருந்தனர். மறுநாள் ஆடவர் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டு வியந்தனர். தாம் செய்யக் கருதியிருந்ததைத் தம் பெண்டிர் செய்து முடித்திருந்ததைக் கண்டு பெருமிதமும் கொண்டனர். தம்மை அச்சுறுத்தியவரின் பிழைப்புக் கெடுதல் ஆகாது என்று எண்ணிய கௌரா தேவியார், அவரைப் பற்றி அலுவலரிடம் முறையிடவும் இல்லை என்பர். காட்டுக்கு இரங்கிய உள்ளம் மாந்தர்க்கும் இரங்கியது.

பெற்ற வெற்றி

ரேணியில் நிகழ்ந்தது நாடெங்கும் பரவியது. அந்நாளில் உத்தரப் பிரதேசத்தின் முதலமைச்சராக இருந்தவர் ஏமவதி நந்தன் பகுகுணா. அவரது அரசு, தில்லியைச் சேர்ந்த தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. குழுவினர் மலைகளையும் ஆறுகளையும் நேரிற் கண்டு ஆராய்ந்தனர். ரேணிக் காடு அலகநந்தையின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும், அங்கு மரம் வெட்டுதல் பெருங்கேடு விளைக்கும் என்றும் முடிவு கூறினர். எழுத்தறியாப் பெண்டிர் கூறியதையே கற்றறிந்தோரும் ஆய்ந்து கூறினர். அதன் பயனாக, ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. பின்னர் 1980களின் தொடக்கத்தில், அம்மலைநாட்டில் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவதும் 15 ஆண்டுகளுக்குத் தடைசெய்யப்பட்டது.

ரேணிப் பெண்டிரின் செயல் பிற ஊர்ப் பெண்டிருக்கும் வழிகாட்டிற்று. 1980ஆம் ஆண்டில் டூங்கிரி பைந்தோலி என்னும் ஊரில் ஒரு சிக்கல் எழுந்தது. அவ்வூரின் ஓக்குக் காட்டை அழித்துப் பண்ணை அமைக்க அரசுத் துறையொன்று முன்வந்தது. அதற்கு ஈடாகச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் மின்சாரமும் கிடைக்கும் என்று நம்பி ஊர் ஆடவர் இசைந்தனர். பெண்டிரோ இசையவில்லை. காடு போயின் விறகுக்கும் தழைக்கும் நீருக்கும் நெடுந்தொலைவு நடக்கவேண்டியவர் தாமே என்று கூறி எதிர்த்து நின்றனர், காட்டையும் காத்தனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. சாலையும் பள்ளியும் வேண்டாதன அல்ல. ஆனால், எதனை விலையாகக் கொடுத்து எதனைப் பெறுவது என்று முடிவு செய்யும் அவையில், அவ்விலையைக் கொடுப்பவர்க்கும் இடம் வேண்டும் அன்றோ?

மேலும், மரத்தைக் காத்தலோடு அம்மக்கள் அமையவில்லை. தசோலிச் சங்கத்தார் ஆண்டுதோறும் முகாம் அமைத்துச் சரிந்த மலைகளில் மரம் நட்டனர். அம்முகாம்களில் பெண்டிர் பெருந்தொகையினராகப் பங்கு கொண்டனர். எந்த மரம் வேண்டும் என்று அவர்களைக் கேட்டு, தழையும் விறகும் தரும் மரங்களையே நட்டமையால், அவர்களும் முறைவைத்துக் காவல் காத்தனர். தமக்குப் பயன்தரும் கன்றைத் தாமே காப்பர் என்னும் உண்மை இதனால் விளங்கும்.

பிற்காலம்

1982ஆம் ஆண்டில் நந்தாதேவிப் பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. 1988ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரிய இடங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. இது காட்டுக்குக் காப்பாயினும், ரேணி, லாதா முதலிய ஊர்களின் மக்கள் தம் பழைய மேய்ச்சல் நிலங்களுக்கும் காட்டுப் பொருள்களுக்கும் செல்லும் உரிமை சுருங்கியது. காட்டைக் காத்தவரே காட்டின் வாயிலில் தடுக்கப்பட்டமை வருந்தத்தக்கது. காட்டை மக்களிடமிருந்து காப்பது ஒருவகை. மக்களைக் கொண்டு காப்பது மற்றொரு வகை. இரண்டாவதே நிலைத்த பயன் தரும் என்பது ரேணி நமக்குத் தரும் படிப்பினை.

1987ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் ரைட் லைவ்லிகுட் பரிசு சிப்கோ இயக்கத்துக்கு வழங்கப்பட்டது. உலகெங்கும் அவ்வியக்கத்தின் புகழ் பரவிய நாளிலும் கௌரா தேவியார் தம் சிற்றூரிலேயே எளிய வாழ்க்கை நடத்தினார். தாம் செய்தது அருஞ்செயல் என்று அவர் கருதவில்லை. வீட்டில் தீப்பற்றினால் அணைப்பது வீட்டாரின் கடமை. அதுபோன்றதே காட்டைக் காத்தலும் என்று எண்ணி வாழ்ந்தார். 1991ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் தமது 66ஆம் வயதில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து ஏறத்தாழ முப்பதாண்டுகள் சென்றபின், 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், மலையுச்சியினின்று பெரும்பாறையும் பனியும் சரிந்து வீழ, ரிஷிகங்கையில் பெருவெள்ளம் பாய்ந்தது. ரேணியின் அருகில் இருந்த நீர்மின் நிலையம் தகர்ந்தது. 200க்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அப்பேரிடர் உயர்ந்த கொடுமுடியில் தோன்றியது. காடு ஒன்றே அதனைத் தடுத்திருக்கும் என்று கூற இயலாது. ஆயினும், அம்மலைகள் எத்துணை மென்மையானவை, அவற்றின்மேல் நாம் வைக்கும் சுமை எத்துணை அளந்து வைக்கத்தக்கது என்பதை அது மீண்டும் உணர்த்திற்று. கௌரா தேவியார் அரை நூற்றாண்டுக்கு முன்பு துப்பாக்கியின் முன் நின்று உரைத்த எச்சரிக்கையும் இதுவே.

நாம் கொள்ளத்தக்கது

கௌரா தேவியார் வரலாற்றினின்று நாம் அறியத்தக்கன பல. நீரும் காடும் நிலமும் அரசுக்கும் வணிகருக்கும் கணக்கேட்டில் எழுதும் பொருள்கள். அவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்து வீடு சேர்க்கும் பெண்டிருக்கோ அவை அன்றாட வாழ்வு. எனவே, அவற்றைப் பற்றி முடிவு செய்யும்போது அவர்தம் அறிவைக் கேட்டல் அறமாகும், அறிவுடைமையும் ஆகும். அன்றியும், உரிய வேளையில் உரியவர் இல்லையாயின், இருப்பவரே உரியவர் ஆவர் என்பதையும் அவர் காட்டினார். ஆடவர் வரட்டும் என்றோ, தலைவர் வரட்டும் என்றோ, அலுவலர் வரட்டும் என்றோ அவர் காத்திருந்தாரல்லர். செய்தி கொணர்ந்தவளும் ஒரு சிறுமியே. அவள் கண்டும் வாளா இருந்திருப்பின், ரேணிக் காடு அன்றே வீழ்ந்திருக்கும்.

நம் ஊரிலும் ஏரி உண்டு, குளம் உண்டு, நிழல்தரும் மரங்கள் உண்டு. அவற்றுக்குத் தீங்கு நேர்வதைக் காணும் கண்கள் நமக்கும் உண்டு. கண்டதை உரைக்கும் அச்சிறுமியின் விரைவும், உரைத்ததைக் கேட்டு எழுந்த கௌரா தேவியாரின் துணிவும் நம்மிடத்தும் அமையுமாயின், நம் ஊரின் நீரும் நிழலும் நமக்குப் பின்வருவோர்க்கும் குறைவின்றி நிலைக்கும்.